தனியாக 80 கிலோமீட்டர்: ஒருதலையான வெற்றியை எதைக் கொண்டு அளப்பது?

ஒருவர் இணையத்தில் கேட்ட கேள்வி இது: "நவீன சாலை சைக்கிள் பந்தயங்களில் மிக ஒருதலையான வெற்றி எது? ஒருவர் 80 கிலோமீட்டர் தனியாகப் போகும்போது, பின்னால் வரும் அத்தனை பேரும் சேர்ந்து ஏன் அவரைப் பிடிக்க முடிவதில்லை? இதையெல்லாம் நம்பலாமா?" உதாரணத்துக்கு 2024 ஜூரிக் உலக சாம்பியன்ஷிப்பையும் அவர் குறிப்பிட்டிருந்தார். பார்ப்பதற்கு மூன்று கேள்விகள். ஆனால் நடுவில் இருக்கும் இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல முடியும். இணையத்தில் இதைப் பற்றி வரும் பட்டியல்கள் பெரும்பாலும் கிலோமீட்டரையும் நிமிடத்தையும் வைத்து வரிசைப்படுத்திவிட்டுப் போய்விடுகின்றன. அந்த இரண்டு எண்களும் பல நேரங்களில் வென்றவரின் பலத்தைவிடத் தோற்றவர்களுக்குள் இருந்த பிளவைத்தான் காட்டுகின்றன.

பந்தய வீரர்களுக்குப் பயிற்சி அளிப்பதும், பந்தயம் முடிந்த பிறகு அவர்களுடைய பவர் மீட்டர் (மிதிக்கும் ஆற்றலை வாட் அளவில் காட்டும் கருவி) பதிவுகளை உட்கார்ந்து அலசுவதும் என் வேலை. அந்தப் பழக்கத்திலிருந்து முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சமதளத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவர் செலவிடும் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. வேகம் கூடக் கூட அதற்குத் தேவைப்படும் வாட் அளவு ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயரும். ஆகவே முன்னால் போகிறவரின் காற்றுமறைவில் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். பெரிய கூட்டத்தின் நடுவில் இருந்தால் அதைவிடவும் அதிகம். முறைவைத்து முன்னால் வந்து இழுக்கும் ஐந்து பேரை ஒரு தனி ஆள் சமதளத்தில் தோற்கடிப்பது, கணக்குப்படி நடக்கக் கூடாத காரியம். செங்குத்தான ஏற்றத்தில் நிலைமை வேறு. 8 சதவீதச் சரிவில் வேகம் 20-ஐ ஒட்டி இறங்கிவிடும்போது எதிரி காற்றல்ல, புவியீர்ப்பு. ஒட்டிக்கொண்டு வருவதில் பெரிய லாபம் கிடையாது. ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை வாட் என்ற ஒரே கணக்குதான் அங்கே பேசும்.

அப்படியானால் தனியாகப் போனவர் ஏற்றத்தில் ஈட்டிய இடைவெளியைச் சமதளத்திலும் எப்படிக் காப்பாற்றுகிறார்? பின்னால் இருக்கும் ஐந்து பேரும் உண்மையில் "சேர்ந்து" துரத்துவதில்லை என்பதுதான் விடை. ஒருவருக்கு இரண்டாம் இடம் போதும். இன்னொருவருடைய அணித்தோழர்தான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். மூன்றாமவருக்கு, தான் இழுத்துக்கொண்டு போனால் நான்காமவர் கடைசியில் தன்னை ஸ்பிரின்ட்டில், அதாவது கோட்டுக்கு முந்தைய முழுவேகப் பாய்ச்சலில், முந்திவிடுவார் என்ற பயம். எல்லோரும் அடுத்தவர் இழுக்கட்டும் என்று காத்திருக்கும் அந்தச் சில நொடிகள்தான் கூடிக் கூடி நிமிடங்களாகின்றன.

இதற்கு, மூன்று வாரம் பல கட்டங்களாக நடந்து மொத்த நேரத்தால் முடிவாகும் இத்தாலியப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவின் 2018-ஆம் ஆண்டு 19-ஆம் கட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது. அன்று காலை கிறிஸ் ஃப்ரூம் நான்காம் இடத்தில், முதலிடத்தில் இருந்த சைமன் யேட்ஸுக்கு 3 நிமிடம் 22 நொடி பின்னால் இருந்தார். கோலே டெல்லே ஃபினெஸ்ட்ரே என்ற மலை 18 கிலோமீட்டருக்கு மேல் 9 சதவீதச் சராசரிச் சரிவில் ஏறுகிறது. அதன் மேற்பாதி தார் போடாத மண் சாலை. அங்கே ஃப்ரூமின் அணி வேகத்தைக் கூட்டியதும் யேட்ஸ் கழன்றுவிட்டார். கட்டம் முடிந்தபோது 38 நிமிடத்துக்கு மேல் இழந்திருந்தார். ஏற்றம் முடிவதற்கு முன்பே, இன்னும் 80 கிலோமீட்டர் மிச்சமிருக்கையில், ஃப்ரூம் தனியாகப் பாய்ந்தார். சிகரத்தைக் கடந்தபோது பின்னால் வந்த டாம் டுமுலானுக்கும் அவருக்கும் இடைவெளி ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த இடத்தில் டுமுலான் ஒரு முடிவெடுத்தார்: தனியாகத் துரத்துவதைவிட, தீபோ பினோவின் அணித்தோழரான ரைஷென்பாக் வந்து சேரும்வரை காத்திருந்து, ஆள்பலத்துடன் துரத்தலாம். ரைஷென்பாக் இறக்கத்தில் நிதானமானவர். அதே கூட்டத்தில் இருந்த காராபாஸும் மிகேல் ஆங்கெல் லோபஸும் இளம் வீரருக்கான வெள்ளை ஜெர்சிக்காக ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டிருந்தார்களே தவிர, இழுக்க முன்வரவில்லை. இடைவெளி இறக்கத்திலும் பள்ளத்தாக்கிலும் விரிந்தது. பார்டோனெக்கியாவில் காராபாஸுக்கு 3 நிமிடம் முன்னதாக ஃப்ரூம் கோட்டைத் தொட்டார். கூடவே, வழி நெடுகிலும் ஆட்களை நிறுத்தி அவருக்கு உணவும் நீரும் தடையில்லாமல் கிடைக்கும்படி அவருடைய அணி திட்டமிட்டிருந்தது. துணிச்சலிலும் திட்டத்திலும் இதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறு பந்தயம் தெரியாது. ஆனால் இதை ஒருதலையான வெற்றி என்று சொல்ல மாட்டேன். அந்த ஜிரோ முடிந்தபோது அவருக்கும் டுமுலானுக்கும் இடையில் இருந்தது 46 நொடிகள்தான். டுமுலான் காத்திருக்காமல் போயிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பது இன்றும் வாதத்துக்குரியது.

நிமிடங்களும் இதேபோல ஏமாற்றும். 2024 ஜிரோவை டாடேய் பொகாச்சர் 9 நிமிடம் 56 நொடி வித்தியாசத்தில் வென்றார். 1965-க்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்ததில்லை; கூடவே ஆறு கட்டங்களையும் வென்றார். ஆனால் அவருடைய பெரிய போட்டியாளர்களான விங்ககோர், எவனபூல், ரோக்லிச் மூவருமே அந்தப் பந்தயத்தில் இல்லை. ஜிரோவைப் போலவே மூன்று வாரப் பந்தயமான டூர் டி பிரான்ஸில் 2014-இல் நிபாலி 7 நிமிடம் 37 நொடி வித்தியாசத்தில் வென்றபோதும், ஃப்ரூமும் கொன்டடோரும் விழுந்து அடிபட்டு முன்பே வெளியேறியிருந்தார்கள். இந்த இருவருடைய திறமையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. யாரை வென்றார்கள் என்பதைச் சேர்க்காமல் எத்தனை நிமிடம் என்று மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

ஆகவே நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: தாக்குதல் வரப்போகிறது என்று எதிரிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; தடுப்பதற்கான பலமும் அவர்களிடம் இருந்திருக்க வேண்டும்; அப்படியும் ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும். தந்திரம், கூட்டணி, காற்றுமறைவு ஆகியவற்றின் பங்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அந்த வெற்றி சுத்தமான அளவீடாகிறது.

இந்த அளவுகோலில் எனக்கு முதலில் நிற்பது, தனியாக நீண்ட தூரம் தப்பிச் சென்ற வெற்றி எதுவும் அல்ல. 2023 டூர் டி பிரான்ஸின் 16-ஆம் கட்டம், பஸ்ஸியிலிருந்து கொம்ப்ளூ வரை வெறும் 22.4 கிலோமீட்டர் தனிநபர் நேரப் பந்தயம். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கிளம்புகிறார்கள், யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. அன்று காலை விங்ககோருக்கும் பொகாச்சருக்கும் இருந்த வித்தியாசம் 10 நொடி. இரண்டு வாரமாக நொடிக் கணக்கில்தான் இருவரும் இழுபறியில் இருந்தார்கள். மாலையில் அது 1 நிமிடம் 48 நொடி ஆகிவிட்டது. அரை மணி நேரத்துக்குச் சற்றே நீண்ட ஓட்டத்தில் 1 நிமிடம் 38 நொடி வித்தியாசம். இதில் பலரும் கவனிக்காத பகுதி, மூன்றாம் இடம். வௌட் வான் ஆர்ட் 2 நிமிடம் 51 நொடி பின்தங்கி மூன்றாவதாக வந்தார். அதாவது பொகாச்சர் அன்று மோசமாக ஓட்டவில்லை. விங்ககோரைத் தவிர்த்து உலகில் மற்ற அனைவரையும் ஒரு நிமிடத்துக்கு மேல் தாண்டியிருந்தார். தோற்றவரே அப்படி ஒரு நாளைக் கொண்டிருந்தபோது வந்த வித்தியாசம் என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன். நியாயமாக இரண்டு குறிப்புகளையும் சேர்க்க வேண்டும். பொகாச்சர் தோமான்சி ஏற்றத்துக்கு முன்பு நின்று சாதாரண பந்தய சைக்கிளுக்கு மாறினார். விங்ககோர் நேரப் பந்தய சைக்கிளிலேயே ஏறினார். அந்த மாற்றம் சில நொடிகளை விளக்கலாம், 98 நொடிகளை விளக்காது. அதே ஆண்டு ஏப்ரலில் பொகாச்சரின் மணிக்கட்டு எலும்பு முறிந்து தயாரிப்பு தடைபட்டிருந்தது என்பதும் உண்மை. மறுநாள் கோல் டி லா லோஸ் மலையில் அவர் முற்றிலும் நொறுங்கி மேலும் ஐந்தே முக்கால் நிமிடம் இழந்தார். முதல் நாளே அவர் உடல் தளரத் தொடங்கிவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மூன்றாம் இடத்தின் நேரத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒருநாள் பந்தயம் என்றால் கேட்டவர் மனத்தில் இருப்பது இத்தாலியில் வெள்ளை மண் சாலைகளில் நடக்கும் ஸ்ட்ராடே பியாங்கேயின் 2024 பதிப்புதான் என்று நினைக்கிறேன். பொகாச்சர் மோன்டே சான்டே மாரியே என்ற வெள்ளை மண் சாலையில், 81 கிலோமீட்டர் மிச்சமிருக்கையில் கிளம்பி, சியேனாவில் 2 நிமிடம் 44 நொடி முன்னதாக வந்து சேர்ந்தார். ஒரு விவரம்: 2022-இலும் அவர் இதே மோன்டே சான்டே மாரியேவில்தான் பாய்ந்தார். அப்போது அது "50 கிலோமீட்டர் தனி ஓட்டம்" எனப்பட்டது. இடையில் பந்தயத்தின் தூரத்தை 215 கிலோமீட்டராக நீட்டி, அந்தச் சாலைக்குப் பிறகு ஒரு கூடுதல் சுற்றைச் சேர்த்துவிட்டார்கள். தாக்கிய இடம் மாறவில்லை, பாதைதான் நீண்டது. இடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், இன்னும் 30 கிலோமீட்டர் அதிகமாகத் துரத்த வாய்ப்பு கிடைத்தும், வித்தியாசம் 2022-ஐவிடப் பெருகியது என்பதே என் அளவுகோலில் இதை உயர்த்துகிறது. அது அந்த ஆண்டில் அவருடைய முதல் பந்தயம் வேறு.

பெண்கள் பந்தயத்தைத் தொடாமல் இந்தப் பேச்சை முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் இந்த வகை ஓட்டத்தின் சிகரங்கள் அங்கேதான் இருக்கின்றன. 2018-இல் இன்ஸ்ப்ரூக் உலக சாம்பியன்ஷிப்பில் ஆன்னா வான் டர் பிரெஹன் 3 நிமிடம் 42 நொடி வித்தியாசத்தில் வென்றார். அதே பந்தயத்தில் ஆன்னமீக் வான் ஃப்ளூட்டன் விழுந்து முழங்காலில் எலும்பு முறிந்த நிலையிலும் ஏழாவதாக வந்து முடித்தார். அடுத்த ஆண்டு யார்க்ஷயரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், 36 வயதில், வான் ஃப்ளூட்டன் லாஃப்ட்ஹவுஸ் ஏற்றத்தில் கிளம்பினார். பந்தயத்தின் மொத்தத் தூரமே 150 கிலோமீட்டருக்குள். அதில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தனியாகப் போய் 2 நிமிடம் 15 நொடி வித்தியாசத்தில் வென்றார். இங்கும் ஒரு தள்ளுபடி உண்டு: துரத்திய குழுவில் வான் டர் பிரெஹன் இருந்தார், ஒரே நாட்டு அணி என்பதால் அவர் இழுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் அந்தக் குழுவில் எலிசபெத் டேய்ஞன், லோங்கோ போர்கினி, குளோயி டைகர்ட் ஆகியோரும் இருந்தார்கள். இழுக்கத் தயங்கியவர்களால் அல்ல, இழுத்தும் முடியாதவர்களால் நிறைந்த குழு அது. 2022-இல் எட்டுக் கட்டங்களோடு நடந்த பெண்களுக்கான டூர் டி பிரான்ஸிலும், தொடக்க நாட்களில் வயிற்றுக் கோளாறால் வாடியிருந்த வான் ஃப்ளூட்டன், லே மார்க்ஸ்டைன் மலைக் கட்டத்தில் 3 நிமிடம் 26 நொடி முன்னிலை எடுத்துப் பந்தயத்தையே முடித்துவைத்தார்.

கேட்டவர் 2024 ஜூரிக் உலக சாம்பியன்ஷிப்பையும் குறிப்பிட்டிருந்தார். 100 கிலோமீட்டர் மிச்சமிருக்கையில் பொகாச்சர் பாய்ந்தது, கடைசி 51 கிலோமீட்டரைத் தனியாக ஓட்டியது, எல்லாம் உண்மை. அதை நினைவில் நிற்கும் வெற்றி என்று ஒப்புக்கொள்கிறேன், ஒருதலையான வெற்றி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வித்தியாசம் 34 நொடி. இறுதிச் சுற்றில் அவருடைய தோள்கள் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு, பின்னால் எவனபூலும் வான் டர் பூலும் இன்னும் முன்னதாகவே ஒத்துப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எழும். அடுத்த ஆண்டு கிகாலியில் நடந்ததுதான் வலுவானது: ஐந்தாயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், கடைசி 66 கிலோமீட்டர் தனியாக, எவனபூலுக்கு 1 நிமிடம் 28 நொடி முன்னால். பந்தயத்தை முடித்தவர்களே 30 பேர்தான். ஆனால் அதே கிகாலியில், ஒரு வாரம் முன்பு நடந்த நேரப் பந்தயத்தில், தனக்கு இரண்டரை நிமிடம் முன்னதாகக் கிளம்பிய பொகாச்சரை எவனபூல் சாலையிலேயே பிடித்துக் கடந்து போனார்.

கற்பாவிய சாலைப் பந்தயங்கள் என் கணக்கில் தனி இனம். பாரி–ரூபேயில் மலையே கிடையாது, ஆகவே நான் மேலே சொன்ன கணக்குப்படி தனி ஓட்டம் பலிக்கவே கூடாது. ஆனால் கற்களின்மேல் வரிசை குலைந்து, ஒட்டிக்கொண்டு வருவதன் லாபம் குறைந்துவிடுகிறது. டயர் பஞ்சரும் விழுதலும் துரத்தும் குழுவைச் சிதைத்துவிடுகின்றன. 2010-இல் கான்செல்லாரா ஒரு வார இடைவெளியில் ஃப்ளாண்டர்ஸையும் ரூபேயையும் இப்படித்தான் எடுத்தார். ஃப்ளாண்டர்ஸில் கபெல்முர் ஏற்றத்தில் இருக்கையிலிருந்து எழாமலேயே டாம் போனனை உதறிவிட்டுப் போன காட்சியால், சைக்கிளுக்குள் மோட்டார் இருந்தது என்ற வதந்தி கிளம்பியது. அதற்கு ஆதாரம் எதுவும் வெளிவந்ததில்லை. 2024-இல் வான் டர் பூல் ரூபேயில் 60 கிலோமீட்டர் தனியாகப் போய் சரியாக 3 நிமிட வித்தியாசத்தில் வென்றார். இரண்டாமவர் அவருடைய அணித்தோழர் ஃபிலிப்சன் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், துரத்தல் ஏன் வேகம் பிடிக்கவில்லை என்பது புரியும்.

இப்போது நம்பிக்கை பற்றிய கேள்வி. சந்தேகப்படுவதற்கு வரலாறு நிறையக் காரணம் கொடுத்திருக்கிறது. 2006 டூரில் ஃப்ளாய்ட் லாண்டிஸ் ஒரு நாள் முழுதாக நொறுங்கி, மறுநாள் மோர்ஸினுக்குப் போகும் வழியில் தனியாகப் பறந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்னிலையோடு வென்றார். அந்தக் கட்டத்துக்குப் பிறகு எடுத்த மாதிரியில் செயற்கை டெஸ்டோஸ்டிரோன் இருப்பது தெரியவந்து பட்டம் பறிபோனது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் 2012-இல் நீக்கப்பட்டன. ஃபினெஸ்ட்ரேயில் பாய்ந்த அன்று ஃப்ரூம் மீதே சால்பியூட்டமால் (ஆஸ்துமா மருந்து) வழக்கு நிலுவையில் இருந்தது. விதிமீறல் இல்லை என்று அந்த ஆண்டு ஜூலையில் வழக்கு முடிக்கப்பட்டது.

இன்றைய வீரர்களைப் பற்றிச் சொல்லும்போது, உறுதியானதையும் ஊகத்தையும் கலக்காமல் பார்க்க வேண்டும். 2024 டூரில் பிளாட்டோ டி பெய் மலையை பொகாச்சர், ஊக்கமருந்து மலிந்திருந்த 1998-இல் பன்டானி ஏறிய நேரத்தைவிட மூன்று நிமிடத்துக்கு மேல் வேகமாக ஏறினார். இது உறுதி. இதற்கு இலகுவான சைக்கிள், நல்ல டயர், மணிக்கு 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்தை உட்கொள்ளப் பழக்கப்பட்ட குடல், ஏற்றத்தின் அடிவாரத்திலிருந்தே எதிரணி வைத்த வேகம் ஆகியவை பங்களித்தன என்பதும் உறுதி. அந்தக் காரணங்கள் மூன்று நிமிடத்தில் எத்தனை நொடியை விளக்குகின்றன என்பது ஊகம். தொலைக்காட்சியைப் பார்த்து "கிலோவுக்கு இத்தனை வாட்" என்று சொல்கிறவர்களின் கணக்கு நீண்ட செங்குத்தான ஏற்றத்தில் ஓரளவு சரியாக வரும். ஆனால் வீரரின் அன்றைய எடை, காற்றின் திசை, முன்னால் போனவரின் மறைவு இவற்றில் சின்னப் பிழை இருந்தாலும் விடை சில சதவீதம் நகரும். சுத்தமானவரையும் ஏமாற்றுக்காரரையும் பிரிக்கும் கோடும் அந்தச் சில சதவீதத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே வேகத்தை மட்டும் சாட்சியாக வைத்து யாரையும் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ அறிவிப்பதை நான் ஏற்பதில்லை.

பட்டியல் வேண்டுவோருக்காக: கொம்ப்ளூ 2023, யார்க்ஷயர் 2019, ஸ்ட்ராடே பியாங்கே 2024, அதன் பின் கிகாலி 2025. மெர்க்ஸின் 1969 மூரெங்ஸ் ஓட்டத்தையும், இனோ 1980-இல் பனிப்பொழிவுக்குள் லியேஜ் பந்தயத்தை ஒன்பது நிமிடத்துக்கு மேல் வென்றதையும் "நவீன" என்ற சொல்லை மதித்து வெளியே வைத்திருக்கிறேன்.

இப்படி ஒருவரே வென்றுகொண்டிருந்தால் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று அந்தக் கேள்விக்குக் கீழே வேறொருவர் கேட்டிருந்தார். அவர் 2025 மிலான்–சான்ரெமோவைப் பார்க்கட்டும். அந்த ஒருநாள் பந்தயத்தின் கடைசி ஏற்றங்களான சிப்ரெஸாவிலும் பொகாச்சர் பாய்ந்தார், போஜ்ஜியோவிலும் திரும்பத் திரும்பப் பாய்ந்தார். ஆனால் போஜ்ஜியோவின் சராசரிச் சரிவு 4 சதவீதத்தைக்கூட எட்டாது. அந்த வேகத்தில் காற்றுமறைவு மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும். வான் டர் பூல் அவருடைய பின்சக்கரத்தை விடவே இல்லை, பின்தங்கிய கான்னாவும் சமதளத்தில் வந்து சேர்ந்துகொண்டார். மூவரும் ஒன்றாக நகருக்குள் வந்தார்கள். ஸ்பிரின்ட்டில் வான் டர் பூல் முதல், கான்னா இரண்டாவது, பொகாச்சர் மூன்றாவது.